மூளைக்குள் பொட்டாசியம் சென்சார்: ஏன் இன்னும் வரவில்லை?

கரிசல்காடு (கேள்வி), 2025 நவம்பர் 3

சர்க்கரைக்கு மேல்கையில் ஒட்டும் சென்சார் வந்துவிட்டது. இரண்டு வாரம் கழற்றாமல் போட்டுக்கொள்கிறார்கள். வலிப்பு வரும்போது மூளையில் பொட்டாசியம் ஏறுகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் பொட்டாசியம் பார்க்கும் சென்சார் ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் வலிப்புக்கு முன்பே கைபேசியில் மணி அடிக்குமே? அக்கா மகனுக்கு இந்த நோய் இருப்பதால் கேட்கிறேன். கம்பெனிகளுக்கு லாபம் இல்லை, அதனால்தான் யாரும் செய்யவில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

குழல்மாணிக்கம், நவம்பர் 3, இரவு

மறுக்கிறேன். சில வருடங்கள் எலி மூளையில் பொட்டாசியமும் கால்சியமும் அளந்து பிழைத்தவன். இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். இரண்டிலும் ஒரே தலைவலிதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சர்க்கரை சென்சார். அதில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது குளுக்கோஸைப் பிடித்து வேதிமாற்றம் செய்கிறது, அதிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தைக் கருவி எண்ணுகிறது. குளுக்கோஸ் கூடினால் ஓட்டம் கூடும்.

பொட்டாசியத்தை அப்படிப் பிடிக்க வழியில்லை. அது எலக்ட்ரானைக் கொடுக்கவும் போவதில்லை, வாங்கவும் போவதில்லை. உடலில் கடைசிவரை பொட்டாசிய அயனியாகவே இருக்கும். எனவே மின்னோட்டத்தை விட்டுவிட்டு மின்னழுத்தத்தைப் பார்க்கிறோம். பொட்டாசியத்தை மட்டும் உள்ளே விடும் ஒரு சவ்வின் இரு பக்கமும் செறிவு வேறாக இருந்தால் அங்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும். நெர்ன்ஸ்ட் விதிப்படி, உடல் வெப்பத்தில் செறிவு பத்து மடங்கு ஏறினால் சுமார் 61.5 மில்லிவோல்ட். கால்சியத்துக்கு இரட்டை மின்சுமை, ஆகவே அதில் பாதி.

சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. மின்னழுத்தம் எப்போதும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். அயனியைப் பார்க்கும் முனை ஒன்று வேண்டும், ‘எதோடு ஒப்பிட்டு’ என்று சொல்ல இன்னொரு முனையும் வேண்டும். எல்லோரும் முதல் முனையைப் பற்றியே பேசுவார்கள். பாதி வேலை இரண்டாவதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் பாதிக்கும் மேல்.

நவம்பர் 3, கொஞ்சம் கழித்து

எண்களைச் சொல்ல விட்டுப்போனது. மூளையில் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 3 மில்லிமோல். வலிப்பின்போது 10 முதல் 12 வரை போகும். மூளைக்கு ரத்தம் நின்றுபோனாலோ, ‘ஸ்ப்ரெடிங் டிப்ரெஷன்’ என்று, மூளையை அமைதியாக்கிக்கொண்டே மெதுவாக நகரும் ஓர் அலை கடந்து போனாலோ 50ஐயும் தாண்டும். கால்சியம் எதிர்த்திசை: வழக்கமாக 1.2 அளவில் இருப்பது அந்த அலையில் 0.1 அருகே விழுந்துவிடும்.

நவம்பர் 4

‘அந்த முனையை எப்படிச் செய்வீர்கள்’ என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதைப் பேசத்தான் எனக்கும் ஆசை.

தீட்டா கிளாஸ் என்று ஒரு கண்ணாடிக் கேப்பிலரி உண்டு. உள்ளே நடுவில் ஒரு தடுப்பு ஓடும், குறுக்கே வெட்டிப் பார்த்தால் கிரேக்க எழுத்து தீட்டா மாதிரி இருக்கும். அதைப் புல்லர் என்ற இழுக்கும் கருவியில் மாட்டிச் சூடாக்கி இழுத்தால் முனை கூர்ந்து இரண்டு துளைகளோடு வரும். தடுப்புக்கு இரு பக்கமும் உள்ள குழாய்களைப் பேரல் என்போம்: ஒன்று அயனியைப் பார்க்க, மற்றது ஒப்பிட, அதாவது ரெஃபரன்ஸ். நுனியை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து லேசாக உடைத்து இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் கஷ்டம்.

பொட்டாசியத்தைத் தேர்ந்து உள்ளே விடும் சவ்வு உண்மையில் ஓர் எண்ணெய்த் துளி. கண்ணாடிக்குத் தண்ணீர் பிடிக்கும், எண்ணெய் பிடிக்காது. அப்படியே விட்டால் தண்ணீர் ஓரமாகப் புகுந்து எண்ணெயை வெளியே தள்ளிவிடும். அதனால் ஒரு சிலேன் ஆவியைச் செலுத்திக் கண்ணாடியின் உள்சுவரைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றுகிறோம். ஆனால் ஒரு பேரலை மட்டும்! பக்கத்து ரெஃபரன்ஸ் பேரல் தண்ணீரோடு நட்பாகவே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது மைக்ரோமீட்டர்கூடத் தேறாத கண்ணாடித் தடுப்பு. ஆவி வழிந்து அந்தப் பக்கம் போனால் முடிந்தது. அதைத் தடுக்க சிலர் ரெஃபரன்ஸ் பேரலில் முன்கூட்டியே தண்ணீர் நிரப்புவார்கள், சிலர் பின்பக்கமிருந்து நைட்ரஜனை ஊதிக்கொண்டே இருப்பார்கள். நான் நைட்ரஜன் கட்சி.

மழைக்காலத்தில் சிலேன் வேலை சரியாக வராது. காற்றில் இருக்கும் ஈரத்தோடு சிலேன் கண்ணாடிக்கு முன்பே கல்யாணம் பண்ணிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நான் எலக்ட்ரோடு செய்வதையே ஒத்திப்போட்டு, பழைய பதிவுகளை உட்கார்ந்து அலசுவேன். எங்கள் லேபில் காற்றை உலர்த்தும் கருவி ஒன்று இருந்தது. அது ஓடினால் ஸ்லைஸ் ரிக்குக்கு, அதாவது மூளையின் மெல்லிய துண்டை வைத்து அளக்கும் மேடைக்கு, மின்சாரம் போதாது. இரண்டில் ஒன்றுதான்.

நவம்பர் 4, மாலை

ஒருவர் தனிமடலில்: “ஒரே பேரல் வைத்துக்கொண்டு, ரெஃபரன்ஸை எலியின் கழுத்துத் தோலுக்கடியில் செருகினால் போதாதா?”

போதாது. கணக்கே போட்டுவிடலாம்.

அந்த அலை வரும்போது பொட்டாசியம் 3லிருந்து 50க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரோடு காட்ட வேண்டியது சுமார் 75 மில்லிவோல்ட். அதே நேரத்தில் அதே இடத்தில் மூளையின் சொந்த மின்னழுத்தமும் 20, 30 மில்லிவோல்ட் கீழே சரிகிறது. கழுத்தில் இருக்கும் ரெஃபரன்ஸுக்கு இந்தச் சரிவு தெரியாது. சரிவை 25 என்று வைத்தால் 75இல் 25 போக 50தான் மிஞ்சும். 50 மில்லிவோல்ட்டைத் திருப்பிச் செறிவாக மாற்றினால் வருவது 20க்கும் குறைவு. நிஜம் 50, கருவி சொல்வது 20.

கால்சியத்தில் கூத்து தலைகீழ். அது 1.2லிருந்து 0.1க்கு விழுந்தால் எலக்ட்ரோடு சுமார் 33 மில்லிவோல்ட் இறங்கும். அதோடு மூளையின் 25ம் சேர்ந்துகொள்ளும். 58 இறங்கியது என்று நம்பினால் கால்சியம் 0.02க்கும் கீழே போய்விட்டதாகக் கணக்கு வரும். அப்படி ஒரு பொய்யை நம்பி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட முடியும், எழுதுபவருக்குச் சந்தேகமே வராது. ஏனென்றால் வரைபடம் மிக அழகாக இருக்கும்.

அதனால்தான் இரண்டு பேரலும் ஒரே நுனியில், இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் இடைவெளிக்குள் இருக்க வேண்டும்.

நவம்பர் 5

ரெஃபரன்ஸ் பேரலில் என்ன ஊற்றுவது என்பதிலும் ஒரு பொறி உண்டு. வேதியியல் படித்தவர்களுக்குக் கை தானாகப் பொட்டாசியம் குளோரைடை எடுக்கும், பாடப்புத்தகத்தில் அதுதான் ரெஃபரன்ஸ் கரைசல். பொட்டாசியம் அளக்கும் எலக்ட்ரோடில் அதை ஊற்றினால் நுனி வழியே கசிந்து பக்கத்துப் பேரலின் மூக்குக்கடியிலேயே போய் நிற்கும். நம் பொட்டாசியத்தை நாமே அளந்துகொண்டு, எலிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்போம். 150 மில்லிமோல் சோடியம் குளோரைடு ஊற்றுங்கள்.

நவம்பர் 5, மதியம்

சிரிப்பதற்கு ஒன்று. இந்த எலக்ட்ரோடுகளின் மின்தடை ஜிகா ஓம் கணக்கு, பத்து ஜிகாவைத் தொடுவதும் உண்டு. அதைச் சமாளிக்க ஆம்ப்ளிஃபையரின் உள்தடை இன்னும் ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். இந்த லட்சணத்தில் யாராவது பாலியஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு ரிக் பக்கம் நடந்தால் போதும், திரையில் பொட்டாசியம் ஏறி இறங்கும். எங்கள் லேபில் ‘ரெக்கார்டிங் நாளில் பருத்தி மட்டும்’ என்று கதவில் ஒட்டியிருந்தோம். பார்வையிட வந்த ஒரு பெரியவர் அதைக் காந்திய கொள்கை என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

விளக்கும் சும்மா இருக்காது. உள்ளே இருப்பது வெள்ளிக் கம்பியின்மேல் படிந்த சில்வர் குளோரைடு. அது வெளிச்சம் பட்டால் மாறும் பொருள். அறுவை விளக்கைத் திருப்பினால் அடிக்கோடு நகரும்.

நவம்பர் 7

கரிசல்காடு மறுபடி: “பொட்டாசியத்தை மட்டும் உள்ளே விடும் எண்ணெய் என்கிறீர்கள். மட்டும் என்றால் மட்டும்தானா?”

நல்ல பிடி. மட்டும் இல்லை.

1971இல் ஜான் வாக்கர் என்பவர் நுண்ணிய கண்ணாடி முனையில் திரவ அயனிமாற்றியை (மேலே சொன்ன எண்ணெய் வகை) நிரப்பும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு மூளை ஆய்வகங்களில் பரவியது கார்னிங் கம்பெனியின் 477317 என்ற திரவம். அது சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை 50, 70 மடங்கு விரும்பும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் மூளைத் திரவத்தில் சோடியம் 150 மில்லிமோல் இருக்கிறதே! 150ஐ 50ஆல் வகுத்தால் 3. அதாவது ஓய்வு நிலையில் அந்த எலக்ட்ரோடு காட்டும் ‘பொட்டாசிய’த்தில் ஏறக்குறைய பாதி, சோடியம் போட்ட வேஷம். அளவீட்டுக் கரைசல் ஒவ்வொன்றிலும் சோடியத்தை 150 வைத்தே கேலிபரேட் செய்தால், அதாவது செறிவு தெரிந்த கரைசல்களில் முனையைச் சரிபார்த்தால், ஓரளவு தப்பலாம். அந்த அலை வரும்போது சோடியமும் பாதிக்கும் கீழே விழும் என்பதை நினைவில் வைத்தால், அந்தத் தப்பித்தலும் பாதிதான்.

பிறகு வந்தது வாலினோமைசின். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா செய்யும் ஆன்டிபயாட்டிக், வளைய வடிவ மூலக்கூறு. பொட்டாசியம் அதன் நடுவில் பொருந்தி உட்காரும், சோடியம் அந்த இடத்துக்குச் சிறியது. ஜூரிக்கில் வில்ஹெல்ம் சைமன் குழு 1976இல் இதை நுண்முனைக்குள் கொண்டுவந்தது. சோடியத் தொல்லை ஆயிரக்கணக்கான மடங்கில் அடங்கியது. பதிலுக்கு மின்தடை ஏறியது, முனை மெதுவாகியது, பாலியஸ்டர் சட்டையின் ராஜ்யம் விரிந்தது. நான் இரண்டையும் வைத்திருந்தேன். வேகமாக நடப்பதைப் பார்க்கப் பழைய கார்னிங், ஓய்வு நிலையைப் பார்க்க வாலினோமைசின்.

உங்களுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பொட்டாசியம் 4.2 என்று எழுதித் தருகிறார்களே, அந்த இயந்திரத்திலும் பெரும்பாலும் இதே வாலினோமைசின் சவ்வுதான் இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே இந்த சென்சாரின் வாடிக்கையாளர்.

நவம்பர் 7, இரவு

கார்னிங் திரவத்தின் குறைகளில் ஒன்று தனிக்கதை. நாலாங்கட்ட அம்மோனியம் அயனிகள் என்று ஒரு வகை உண்டு, நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் அந்தக் குடும்பம். இந்தத் திரவம் அவற்றைப் பொட்டாசியத்தைவிடப் பன்மடங்கு விரும்பும். எனவே பக்கத்தில் அந்த வகை மருந்து எதையாவது செலுத்தினால் பொட்டாசியம் எகிறியது மாதிரி காட்டும்.

சார்ல்ஸ் நிக்கல்சன் இந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டார். டெட்ராமெத்தில் அம்மோனியம் செல்களுக்குள் எளிதில் நுழையாது, வெளித் திரவத்திலேயே சுற்றும். அதை ஒரு முனையிலிருந்து கொஞ்சமாக விட்டு, 100 மைக்ரோமீட்டர் சுற்று தூரத்தில் இன்னொரு முனையில் எப்போது, எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்தார். அதிலிருந்து இரண்டு எண்கள் கிடைத்தன. மூளையின் கன அளவில் செல்களுக்கு வெளியே உள்ள இடம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. செல்களைச் சுற்றிச் சுற்றிப் போவதால் ஏற்படும் வளைவுக் காரணி சுமார் 1.6. பரவும் வேகத்துக்கு அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், ஆகவே வெறும் தண்ணீரில் பரவுவதைவிட இரண்டரை மடங்கு மெதுவு. 1981இல் ஃபிலிப்ஸுடன் சேர்ந்து எலியின் சிறுமூளையில் செய்தது. இன்றும் அந்த எண்களைச் சுற்றித்தான் சண்டை.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு வேலையைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். பொட்டாசிய எலக்ட்ரோடு செய்த மிகச் சிறந்த அளவீடு பொட்டாசியத்தை அளந்ததே இல்லை.

நவம்பர் 9

சரி, கரிசல்காடு கேட்ட மூலக் கேள்விக்கு வருகிறேன், சுற்றிக்கொண்டே இருந்தால் திட்டுவார். பொட்டாசியம் ஏறுவதை வைத்து வலிப்பை முன்கூட்டிச் சொல்லலாமா?

1973இல் பிரின்ஸ், லுக்ஸ், நேஹர் மூவரும் பூனை மூளையின் மேலடுக்கான புறணியில் பொட்டாசியம் அளந்து எழுதினார்கள். (ஆமாம், அதே எர்வின் நேஹர். பின்னாளில் செல் சவ்வின் ஒற்றைத் துளையில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்புக்காக 1991இல் சாக்மனுடன் நோபல் வாங்கியவர். அவரும் இந்த எண்ணெய்த் துளியோடு மல்லுக்கட்டியவர் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.) அப்போது இருந்த கருத்து ஒரு சக்கரம்: நியூரான்கள் வெடிப்பதால் (மின்துடிப்பு விடுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம்) பொட்டாசியம் வெளியே வருகிறது, பொட்டாசியம் கூடினால் நியூரான்கள் இன்னும் சுலபமாக வெடிக்கும், ஆகவே ஓர் எல்லையைத் தாண்டினால் வலிப்பு. எல்லோருக்கும் பிடிக்கக்கூடிய கதை.

அளந்து பார்த்ததில் அந்த எல்லை கிடைக்கவில்லை. வலிப்பு தொடங்கும் நேரத்தில் ஒருமுறை இவ்வளவு இருக்கும், இன்னொரு முறை வேறு. அதைவிடத் தெளிவாகக் கிடைத்தது மேலே உள்ள கூரை. 1977இல் ஹைனமன், லுக்ஸ் இருவரும் பூனையில் எவ்வளவு தூண்டினாலும் பொட்டாசியம் 10, 12ஐச் சுற்றி நின்றுவிடுவதைக் காட்டினார்கள். நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் உள்ளிழுக்கின்றன, சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் செல் சவ்வுப் பம்பு வேலை செய்கிறது. வலிப்பு முடிந்ததும் பம்பு உடனே நிற்பதில்லை, ஆகவே பொட்டாசியம் ஓய்வு நிலைக்கும் கீழே இறங்கிவிட்டு மெதுவாகத் திரும்பும்.

நான் ஸ்லைஸில் பார்த்ததும் அப்படித்தான். திரவத்தில் பொட்டாசியத்தை 8.5க்கு ஏற்றினால் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி தானாக வெடிக்க ஆரம்பிக்கும், அது உண்மை. வெளியிலிருந்து ஏற்றினால் வலிப்பு வரும். ஆனால் தானாக வரும் வலிப்பில், பொட்டாசியக் கோடு மேலே கிளம்பும்போது பக்கத்துப் பேரலில் மின்வெடிப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அதாவது மணி அடிக்கும், வலிப்பு வந்தபிறகு.

நவம்பர் 9, பின்சேர்க்கை

மேலே எழுதியதைப் படித்தால் பொட்டாசியத்துக்கு வலிப்பில் பங்கே இல்லை என்பது போலத் தொனிக்கிறது. அப்படிச் சொல்லவில்லை. தொடங்கி வைப்பதில்தான் சந்தேகம், நீட்டிப்பதிலும் பரப்புவதிலும் பங்கு இருக்கிறது. கால்சியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வலிப்பில் வெளிக் கால்சியம் இறங்குகிறது. போதிய அளவு இறங்கினால் சினாப்ஸ் (நியூரானும் நியூரானும் சந்திக்கும் இடம்) வழிச் செய்தியே பலவீனமாகும். அப்படியும் வலிப்பு நிற்காது! 1980களில் கால்சியம் இல்லாத திரவத்தில், சினாப்ஸ் முழுக்க முடங்கிய ஸ்லைஸ்களிலேயே வலிப்பு போன்ற வெடிப்பு தானாக வருவதைக் காட்டினார்கள். நியூரான்கள் தங்களுக்கு நடுவே உள்ள குறுகிய இடத்தின் அயனிகள் வழியாகவும் மின்புலம் வழியாகவும் பேசிக்கொள்கின்றன. முதன்முதலில் இதை ரிக்கில் பார்த்தபோது கால்சியம் கலக்காத பாட்டிலில் யாரோ கால்சியம் கலந்துவிட்டார்கள் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாட்டில் சுத்தம்.

நவம்பர் 12

கரூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: அவர் கணவர் டயாலிசிஸ் செய்துகொள்பவர், ரத்தத்தில் பொட்டாசியம் 6ஐத் தொட்டிருக்கிறது, “மூளையிலும் ஏறி வலிப்பு வந்துவிடுமா அண்ணா?”

அம்மா, ரத்தத்தில் ஏறுவது அப்படியே மூளைக்குள் போகாது. நடுவே தடுப்பு இருக்கிறது, மூளைத் தண்டுவடத் திரவத்தில் பொட்டாசியம் ரத்தத்தைவிடக் குறைவாக, 3ஐ ஒட்டி, ஏறக்குறைய அசையாமல் இருக்கும். ஆனால் 6 என்பது இதயத்துக்கு ஆபத்தான பாதை. அதைச் சாதாரணமாக விடாமல் இன்றே டயாலிசிஸ் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும், ஆனால் அது பொய்யா என்று முடிவு செய்ய வேண்டியது அவர்கள்.

நவம்பர் 13

வேதியியல் வாத்தியார் ஒருவர் பிடித்துவிட்டார்: “எலக்ட்ரோடு செறிவை அளப்பதில்லை, ஆக்டிவிட்டியை அளக்கிறது.” சரிதான் சார். 3 மில்லிமோல் பொட்டாசியம் மூளைத் திரவத்தின் உப்புச் செறிவில் 2.2 அளவுக்கே ‘நடந்துகொள்ளும்’. கேலிபரேஷன் கரைசலையும் அதே உப்புச் செறிவில் செய்தால் இந்தக் காரணி இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும் என்பதால் செறிவாகவே பேசிக்கொள்கிறோம். கால்சியத்தில் இந்த வித்தியாசம் கொஞ்சம் முக்கியம். புரதத்தில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை எலக்ட்ரோடு பார்க்காது, தனியாகத் திரியும் அயனியை மட்டுமே பார்க்கும். நியூரானுக்கும் அதுதானே தெரியும்.

நவம்பர் 16

இரண்டு வாரம் ஒட்டி வைப்பது பற்றி. ஒரு மில்லிவோல்ட் நகர்ந்தால் பொட்டாசியத்தில் சுமார் 4 சதவீதப் பிழை, கால்சியத்தில் 8 சதவீதம். 5 மில்லிவோல்ட் நகர்ந்தால் 3 என்பது 3.6 ஆகிவிடும். நுண்முனை எலக்ட்ரோடுக்கு 5 மில்லிவோல்ட் நகர்வது பெரிய விஷயம் இல்லை, சாயங்காலத்துக்குள் நகரும். அதனால்தான் மூளைக்குள் போவதற்கு முன்னும் வெளியே எடுத்த பின்னும் கேலிபரேட் செய்து, இரண்டும் ஒத்துவந்த பதிவை மட்டும் வைத்துக்கொள்வோம். உள்ளே நிரந்தரமாக இருக்கும் சென்சாரை எப்படி வெளியே எடுத்துச் சரிபார்ப்பது?

தண்ணீர் வேலையிலும் இதே கதை. ஃப்ளோரைடு எலக்ட்ரோடின் படிகம் வருடக்கணக்கில் உழைக்கிறது. ‘மீட்டர் பைத்தியம் பிடித்து ஆடுகிறது’ என்று என்னிடம் வருவதில் பெரும்பான்மை ரெஃபரன்ஸ் பக்கத்தில் உப்படைத்த ஜங்ஷன், அதாவது உள்கரைசல் வெளித் தண்ணீரைத் தொடும் துளை. கழுவித் துடைத்துக் கொடுத்தால் புதிதாக வாங்கியது போல ஓடும். படிகத்தை மாற்றச் சொல்லி யாரோ பில் போட்டிருப்பார்கள்.

நவம்பர் 16, இரவு

இந்த நகர்வுப் பிரச்சினையை மனதில் வைத்துத்தான் தூக்கம் பற்றிய செய்திகளைப் படிக்கிறேன். 2016இல் மூளை ஆய்வாளர் நெடர்கார்டின் குழு எலிகளில் அளந்து, விழிப்பிலிருந்து தூக்கத்துக்குப் போகும்போது வெளிப் பொட்டாசியம் குறைகிறது, கால்சியமும் மெக்னீசியமும் கூடுகின்றன என்று எழுதினார்கள். அந்தத் திரவக் கலவையை மாற்றியே தூக்க நிலையையும் விழிப்பு நிலையையும் கொண்டுவரலாம் என்றும் காட்டினார்கள். மாற்றம் சிறியது, ஆனால் ஒரே எலக்ட்ரோடு ஒரே இடத்தில் சில நிமிடங்களுக்குள் முன்னும் பின்னும் பார்த்தால் நம்பலாம். சில நிமிட வித்தியாசத்துக்கு இந்தக் கருவி நல்ல சாட்சி. சில நாள் வித்தியாசத்துக்குக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அதே குழு 2013இல் நிக்கல்சனின் டெட்ராமெத்தில் அம்மோனிய முறையால் வெளியிடம் விழிப்பில் 14 சதவீதம், தூக்கத்தில் 23 சதவீதம் என்று சொன்னது. தூங்கும்போது மூளை கழுவப்படுகிறது என்று வாட்ஸாப்பில் வருவதெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று வேறு முறையில், சாயப்பொருள் பரவுவதைப் பார்த்து, தூக்கத்திலும் மயக்கத்திலும் வெளியேற்றம் குறைகிறது என்று நேரெதிராக எழுதியது. நான் எந்தக் கட்சி? மூளையில் சொருகப்பட்ட இரண்டு கண்ணாடி முனைகளோடு தூங்கும் எலி எவ்வளவு நிம்மதியாகத் தூங்கும் என்று யோசிக்கும் கட்சி.

நவம்பர் 18

காயம் பற்றி எழுதவே இல்லையே என்று ஒருவர் நினைவுபடுத்தினார். செல்களுக்கு நடுவே உள்ள சந்து 40, 60 நானோமீட்டர்தான். நம் முனை அதைப்போல ஐம்பது மடங்கு. ஒற்றையடிப் பாதையின் அகலத்தை அளக்க லாரியை ஓட்டிக்கொண்டு போவது மாதிரி. முனையைச் சுற்றி ஒரு குட்டிக் குளம் உண்டாகிறது. பக்கத்தில் நடக்கும் மாற்றம் அந்தக் குளத்தில் கலந்து, மழுங்கி, தாமதமாகத்தான் எண்ணெய்த் துளிக்கு வந்து சேரும். ஆகவே நாங்கள் அளந்த உச்சங்கள் எல்லாம் உண்மையான உச்சத்தைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு.

குத்துவதே அந்த அலையைக் கிளப்பவும் கூடும். ஊசிமுனையால் தொடுவது அதைத் தூண்டும் பழைய வழிகளில் ஒன்று. எனவே உள்ளே இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட வேண்டும். திரும்பி வந்து கோடு அடங்கியிருந்தால் தொடங்கலாம்.

நவம்பர் 21

அந்த அலையைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லிக் கேட்டதால்.

1944இல் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடெஸ் லியாவ், ஹார்வர்டில் முயல் மூளையில் வலிப்பைப் பார்க்கப் போனவர், வலிப்புக்குப் பதிலாக மூளை அமைதியாகும் அலை ஒன்றைப் பார்த்தார். நிமிடத்துக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. அதற்கு முன்பே 1941இல் கார்ல் லாஷ்லி தன் மைக்ரேன் தலைவலிக்கு முன் கண்ணில் தெரியும் மினுக்கு வளைவை நேரம் பார்த்து வரைந்து, மூளைப் புறணியில் நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் நகர்வதாகக் கணக்கிட்டிருந்தார். இரண்டு வேகமும் ஒன்று போலிருப்பதை 1958இல் பீட்டர் மில்னர் கவனித்துச் சொன்னார். பொட்டாசியம்தான் அலையை நகர்த்துகிறது என்ற கருத்தை பெர்னிஸ் கிராஃப்ஸ்டீன் 1956இலேயே முன்வைத்தார். 1972இல் ப்ராகில் விஸ்கோச்சில், க்ரீஷ், புரேஷ் மூவரும் பொட்டாசிய எலக்ட்ரோடை எலி மூளையில் வைத்து அந்த ஏற்றத்தை நேராகவே பதிவு செய்தார்கள்.

மனிதரில்? 2002இல் லண்டனில் அந்தோணி ஸ்ட்ராங் குழு, தலையில் அடிபட்டு அறுவை செய்துகொண்டவர்களின் மூளைமேல் எலக்ட்ரோடு பட்டை வைத்துப் பதிவு செய்ததில் இந்த அலை வருவது தெரிந்தது. பக்கவாதம், மூளை ரத்தக்கசிவு நோயாளிகளிலும் பிறகு பார்த்தார்கள். அலைகள் கொத்தாக வந்தால் திசு இன்னும் சாகும் என்பதால் ஐசியூவில் இதைக் கண்காணிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு வலுவாகப் பேசுகிறது.

இப்போது கவனியுங்கள், கரிசல்காடு. ஆஸ்பத்திரிக்குள் போனது எது? வாலினோமைசின் போகவில்லை, எண்ணெய்த் துளி போகவில்லை. பிளாட்டினம் பட்டை போனது. அது பார்ப்பது மூளையின் மெதுவான மின்னழுத்தச் சரிவை. நாங்கள் ரெஃபரன்ஸ் பேரலில் பார்த்து, ‘கழிக்க வேண்டியது’ என்று ஒதுக்கிவைத்த அதே 20, 30 மில்லிவோல்ட்.

நவம்பர் 22

ஒரு சேர்க்கை, இல்லையென்றால் யாராவது பிடிப்பார்கள். மனித மூளையில் பொட்டாசியத்தையே அளந்ததும் உண்டு. இம்பீரியல் கல்லூரியில் மார்ட்டின் பூட்டெல் குழுவினர் மைக்ரோடயாலிசிஸ் குழாய் வழியாக மூளைத் திரவத்தின் சாரத்தை வெளியே எடுத்து, வெளியே வைத்த எலக்ட்ரோடில் பொட்டாசியத்தையும், என்சைம் சென்சாரில் குளுக்கோஸ், லாக்டேட்டையும் தொடர்ந்து பார்த்தார்கள். 2017இல் வந்தது. சென்சார் மண்டைக்கு வெளியே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் கேலிபரேட் செய்யலாம். என் நவம்பர் 16 கேள்விக்கு இது ஒரு நேர்மையான பதில். விலை: குழாயில் வந்து சேர ஆகும் நேரம். அடிபட்ட மூளையில் மணிக்கணக்கில் வரும் அலைகளைப் பார்க்க அந்தத் தாமதம் பரவாயில்லை. வலிப்பு எச்சரிக்கைக்கு உதவாது.

உங்கள் அக்கா மகன் விஷயத்தில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வலிப்பை உணர்ந்து செயல்படும் பதியக்கூடிய கருவிகள் இருக்கின்றன, அவை மின்னலையை வைத்து வேலை செய்பவை. அது அவருக்குத் தேவையா என்பதை நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். பொட்டாசியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நவம்பர் 24

மதுரையிலிருந்து எம்.எஸ்சி. படிக்கும் தம்பி ஒருவர், புராஜெக்டுக்காக இந்த எலக்ட்ரோடு செய்ய ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார். தம்பி, மூளையில் தொடங்காதீர்கள். ஒற்றைப் பேரல், பத்து மைக்ரோமீட்டர் அகல முனை, மூன்று கரைசல்: பொட்டாசியம் 3, 10, 30, எல்லாவற்றிலும் சோடியம் 150. 3க்கும் 30க்கும் நடுவே அறை வெப்பத்தில் 55 மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்தால் உங்கள் சிலேன் பிடித்திருக்கிறது. 40 வந்தால் எண்ணெய் ஓரமாகக் கசிகிறது, தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அதைச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். கார்னிங் வகைத் திரவம் என்றால் நல்ல முனைகூட 55க்குக் கீழேதான் நிற்கும், காரணம் 7ஆம் தேதிக் குறிப்பில் இருக்கிறது. தை பிறந்த பிறகு ஆரம்பியுங்கள், காற்று கொஞ்சம் காயட்டும்.